நாலு மணிக்கு என்ன கொடுப்பது? பேரப்பிள்ளைகளின் பலகாரம், ஓர் ஒப்பீடு

கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறை, மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் பல வீடுகளில் சாயங்காலப் பொறுப்பு பாட்டி கையிலும் பாட்டா கையிலும்தான் இருக்கிறது. மகனும் மருமகளும் திருவனந்தபுரத்தில் வேலை முடிந்து வீடு சேர ஏழு மணி ஆகும். சிலர் வளைகுடாவில். பள்ளிக்கூட வேன் வந்து நின்றதும் பை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம் பறக்க, பிள்ளை கேட்கும் முதல் கேள்வி: "திங்க என்ன இருக்கு?"

இதற்குப் பதில் தெரியாமல் தடுமாறுகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒன்றே. ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்) அவித்துக் கொடுத்தால் போதுமா, பயறு அவிக்கவா, இலைக் கொழுக்கட்டைக்கு மெனக்கெடவா, இல்லை பிஸ்கட் பொட்டலமே இருந்துவிட்டுப் போகட்டுமா?

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய பலகாரம் என்பதற்காக எதற்கும் நான் கூடுதல் மார்க் போடுவதில்லை. முந்திரிக்கொத்து என்ற பயற்று உருண்டைக்குப் படி கணக்கில் கருப்பட்டி காய்ச்சிக் கொட்டிவிட்டு, பிஸ்கட்டைப் பார்த்து முகம் சுளிப்பதில் நியாயமில்லை. இனிப்பின் அளவு நம் கையில் இருக்கிறதா, பிள்ளையின் கைக்கும் அதில் வேலை இருக்கிறதா என்ற இரண்டைத்தான் நான் பெரிதாகப் பார்க்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

சத்துக்கும் முன்னால் தொண்டையைப் பாருங்கள். முழு நிலக்கடலை, முழு அண்டிப்பருப்பு (முந்திரிப்பருப்பு), பாப்கார்ன், முழுத் திராட்சை ஆகியவற்றை 4 வயதுக்குள் கொடுக்க வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வது. இங்கிலாந்தில் முழு நிலக்கடலைக்கும் அண்டிப்பருப்புக்கும் 5 வயது வரை பொறுக்கச் சொல்கிறார்கள். கடைவாய்ப் பல் வந்து, அரைத்துத் தின்னும் பழக்கம் வரும்வரை பிள்ளை பாதியை அப்படியே விழுங்கும். எதுவானாலும் உட்கார்ந்துதான் தின்ன வேண்டும். ஓடிக்கொண்டும் ஆட்டோவில் குலுங்கிக்கொண்டும் வேண்டாம். இன்னொன்று: நம்முடையது தேனீ வளர்ப்புக்குப் பேர் போன ஊர், அதனால் பிறந்த பிள்ளையின் நாக்கில் தேன் தொட்டு வைக்கும் ஆசை இங்கே கொஞ்சம் கூடுதல். 1 வயது முடியும்வரை தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். போட்யூலிசம் என்பது அந்த நோய்.

அடுத்தது இனிப்பு. சேர்க்கும் சர்க்கரை ஒரு நாள் உணவுச் சக்தியில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே என்றால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. நாலைந்து வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 1,300 கலோரி என்று வைத்தால், 5 சதவீதம் என்பது 16 கிராம், அதாவது 4 தேக்கரண்டி. காலைப் பாலிலேயே இரண்டு போய்விடுகிறது. இந்தக் கணக்கில் சீனி மட்டுமல்ல, கருப்பட்டி, வெல்லம், தேன், பிழிந்த சாறு எல்லாம் அடங்கும். முழுப் பழம் அடங்காது. 2 வயதுக்குள் சேர்க்கும் சர்க்கரையே வேண்டாம் என்கிறது அமெரிக்க இதய சங்கம்.

மூன்றாவது புரதமும் இரும்பும். காலையில் இட்லி, மதியம் டிபன் பாத்திரத்தில் எலுமிச்சைச் சோறு என்று போகும் பிள்ளைக்கு நாலு மணிதான் இதைச் சரிக்கட்டும் நேரம். 4 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 16 கிராம் அளவுக்குப் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. கூடவே சாயா கொடுக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். தேயிலையின் துவர்ப்பு, பயற்றில் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது.

பாட்டியின் முட்டுவலியும் ஓர் அளவுகோல்தான். அரை மணி நேரம் அடுப்படியில் நிற்க முடியாதவரிடம் தினமும் கொழுக்கட்டை கேட்பது நடக்கிற காரியமல்ல. கடைசியாக, பிள்ளைக்கு அதில் என்ன வேலை. தான் உருட்டியது, தான் சுருட்டியது என்றால் பிள்ளை வாயில் வைத்துப் பார்க்கும்.

## அவித்த ஏத்தம்பழம்

இதைவிடச் சுலபம் எதுவும் இல்லை. தோலில் கரும்புள்ளி விழுந்த பழமாகப் பார்த்து, தோலோடு இரண்டாக நறுக்கி இட்லிப்பானையில் 10 நிமிடம் வைத்தால் வெந்துவிடும். பழுப்பு போதாத பழத்தை அவித்தால் துவர்க்கும், பிள்ளை ஒரு கடியில் வைத்துவிடும். சின்னப் பிள்ளைக்கு நடுவிலுள்ள கறுத்த நரம்பை எடுத்துவிட்டு மசித்துக் கொடுக்கலாம்.

சேர்க்கும் சர்க்கரை சுழியம். தொண்டைக்கும் பயமில்லை. ஆனால் புரதம் என்று பார்த்தால் 100 கிராமில் ஒரு கிராம் சொச்சம்தான். அதனால் தனியாகக் கொடுக்காமல் எதையாவது சேர்க்க வேண்டும். நான் பழத்தை வில்லையாக நறுக்கி, ஒரு தட்டில் வறுத்துப் பொடித்த எள், இன்னொன்றில் தேங்காய்த் திருவல், மூன்றாவதில் பொடித்த நிலக்கடலை என்று பரப்பி, பிள்ளையிடமே விட்டுவிடுவேன். எதில் புரட்டுவது என்பது அவர்கள் பாடு. ஒரே பழம் மூன்று பலகாரமாகிவிடும். எள்ளோ கடலையோ முதல்முறை கொடுக்கும்போது துளி மட்டும் கொடுத்துத் தடிப்பு, வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மறைந்திருக்கும் செலவு ஓணத்தில் வெளிப்படும். ஆவணி பிறந்தால் எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் உப்பேரிக்கும் (சிப்ஸ்) பிரதமனுக்கும் (பாயசம்) குலை குலையாகப் போகும், இங்கே விலை ஏறிவிடும். அந்த வாரங்களில் மட்டி வாழைப்பழத்துக்கு மாறிக்கொள்ளலாம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்ப் பழம் அது. சிறிசு, ஒரு பிள்ளைக்கு ஒரு பழம் அளவு சரியாக இருக்கும், அவிக்கவும் வேண்டாம். செந்துளுவனும் (செவ்வாழை) ஆகும், ஆனால் ஒன்றை ஒரு பிள்ளையால் முடிக்க முடியாது, பாதி கறுத்துப்போகும்.

இதே பழத்தை மாவில் முக்கி எண்ணெயில் போட்டால் அது வேறு பலகாரம். பழ பஜ்ஜி ஞாயிற்றுக்கிழமைக்கு உரியது. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

## பயறு, கடலை

சத்துக் கணக்கில் இதை வெல்ல மற்ற எதனாலும் முடியாது. காய்ந்த சிறுபயறு 100 கிராமில் 22 முதல் 24 கிராம் புரதம். ஒரு பிள்ளைக்கு 30 கிராம் பயறு அவித்தால் ஏழு கிராம் அளவுக்குக் கிடைக்கும், அன்றைய தேவையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. விலையும் சொற்பம். மேலே ஒரு சொட்டு எலுமிச்சையோ, திருவிய நெல்லிக்காயோ, துண்டு மாங்காயோ சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

அப்படியிருந்தும் பிள்ளைகள் இதைத்தான் ஒதுக்குகிறார்கள். "பாட்டி, இன்னிக்கும் பயறா?" என்று இழுக்கும் குரலைக் கேட்காத வீடு உண்டா? சுண்டலாகவே கொடுத்தால் இந்தச் சங்கடம் தீராது. இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, முளைகட்டுவது. ஈரத்துணியில் பிள்ளையின் கையாலேயே பயற்றைக் கட்டச் சொல்லுங்கள். மறுநாள் காலை வால் முளைத்திருக்கிறதா என்று எழுந்ததும் ஓடிப் பார்க்கும். தான் வளர்த்ததைத் தின்ன மாட்டேன் என்று சொல்ல அதற்கு மனசு வராது. முளைப்பயற்றைப் பச்சையாக மட்டும் கொடுக்காதீர்கள். முளைக்கிற அந்த ஈரச் சூட்டில் சால்மொனெல்லா போன்ற கிருமியும் பெருகும். சின்னப் பிள்ளைக்கு ஆவியில் வேகவைத்தே கொடுக்க வேண்டும்.

இன்னொன்று சிரட்டைப் புட்டு. கண் துளைத்த சிரட்டையில் (கொட்டாங்குச்சி) ஒரு அடுக்கு தேங்காய், ஒரு அடுக்கு மாவு, நடுவில் வெந்த பயறு. குக்கர் ஆவியில் வைத்தெடுத்துத் தட்டில் கவிழ்த்தால் குட்டி மலைபோல் வந்து விழும். சிரட்டையை நிரப்புவது பிள்ளை வேலை, ஆவிப்பக்கம் பெரியவர் வேலை. புட்டுக்குள் பயறு ஒளிந்திருப்பதை முதல் வாய்க்குப் பிறகுதான் கண்டுபிடிப்பார்கள்.

மறைசெலவு நேரம்தான். கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறப் போட வேண்டும், மறந்தால் போச்சு. 3 வயதுக்குள் முழுக் கொண்டைக்கடலையும் வேண்டாம், தோல் வழுக்கும். தோலுரித்து மசித்துக் கொடுங்கள்.

முந்திரிக்கொத்தும் பயறுதானே என்று சிலர் வாதம் செய்வார்கள். பயறுதான். வறுத்துப் பொடித்த சிறுபயறு, தேங்காய், எள், ஏலக்காய், சுக்கு எல்லாம் உள்ளே நல்லபடியாக இருக்கின்றன. ஆனால் அதைப் பிடித்து நிறுத்துவது பாகு, வெளியே எண்ணெயில் பொரித்த மாவு. டப்பாவில் பல நாள் இருக்கும் என்பதே அதன் ஆபத்து. பிள்ளை ஒன்று எடுக்கும், சர்க்கரை நோயுள்ள பாட்டா போகும்போதும் வரும்போதும் எடுப்பார்.

## இலைக் கொழுக்கட்டை

விளையாட்டும் பலகாரமும் ஒன்றாக வேண்டுமென்றால் இதுதான் என் தேர்வு. நம் பக்கத்துப் பிள்ளைக்கு இது கோவிலோடும் விழாவோடும் வருவது. ஆடிச் செவ்வாயில் ஒளவையார் அம்மனுக்குக் கூழும் கொழுக்கட்டையும், கார்த்திகைக்குப் பனையோலைக் கொழுக்கட்டை. சாதாரணச் சனிக்கிழமைக்கு வயணை இலை போதும், அது கிடைக்காவிட்டால் வாழையிலை.

என் அளவு இது: வறுத்த அரிசி மாவு 2 குவளை, வெந்த சிறுபயறு 1 குவளை, அரை முறித் தேங்காய்த் திருவல், நன்றாகப் பழுத்த ஏத்தம்பழம் 2, சிறு எலுமிச்சை அளவுக் கருப்பட்டி, கொஞ்சம் ஏலக்காயும் சுக்கும். வழக்கமாகக் கொட்டும் கருப்பட்டியில் பெரும்பகுதியைப் பழம் ஏற்றுக்கொள்கிறது. கருப்பட்டியை ஒரு கை தண்ணீரில் உருக்கி வடிகட்டாமல் சேர்க்காதீர்கள், மண் இருக்கும். சக்கைப்பழ (பலாப்பழ) காலத்தில் ஏத்தம்பழத்துக்குப் பதில் சக்கைச் சுளையை அரைத்துச் சேர்த்தால் கருப்பட்டியே வேண்டாம். வயணை இலையைக் கூம்பாகச் சுருட்டி, மாவை அடைத்து, வாயை மடக்கி 20 நிமிடம் ஆவியில் வைத்தால் தெரு முழுக்க மணக்கும்.

பழத்தை மசிப்பது, மாவைப் பிசைவது, இலையைச் சுருட்டுவது மூன்றையும் 3 வயதுப் பிள்ளைகூடச் செய்யும். சுருட்டியது கோணலாகத்தான் வரும், வரட்டும். தன் கூம்புக்குத் தனியாக அடையாளம் வைக்கச் சொன்னால், வெந்ததும் அதைத் தேடி எடுப்பதே ஒரு ஆட்டம். இலையை மூட ஈர்க்கில் (ஓலை ஈர்க்குக் குச்சி) குத்துவது நம் வழக்கம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஈர்க்கில் வேண்டாம். ஒன்று வாயோடு போனால் தொண்டையில் குத்தும். வாழைநாரால் கட்டிவிடுங்கள்.

மறைசெலவுகள் இங்கேதான் அதிகம். தேங்காய் திருவ, இலை கழுவ, பானை தேய்க்க என்று ஒன்றரை மணி நேரம் எளிதாகப் போய்விடும். சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் நிறையவே கிடைக்கிறது, நல்லது வேண்டுமென்றால் விலை கொடுக்க வேண்டும். அந்த நல்ல கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான் என்பதை மறக்க வேண்டாம். நாலு மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்குத் தட்டில் வைத்தால் பிள்ளை ராத்திரிச் சோற்றைத் தொடாது, மருமகளுக்குக் கோபம் வரும். ஆகவே இது விடுமுறை நாளுக்கானது.

## மரச்சீனியும் அவலும்

மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கின் மேல் நம் தலைமுறைக்கு ஒரு பாசம் உண்டு. 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் பரப்பிய கிழங்கு அது. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது இந்தப் பக்கத்து வயிற்றை அதுதான் நிரப்பியது. ஆனால் வயிறு நிறைவது வேறு, சத்து வேறு. அதில் உள்ளது பெரும்பாலும் மாவுச்சத்துதான். பிள்ளைக்குக் கொடுத்தால் மதியத்து மீனில் முள் நீக்கிய துண்டோ, பயறோ சேர்த்தே கொடுங்கள். தோலை ஆழமாகச் சீவி, திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கிழங்கில் சயனைடு தரும் பொருள் உண்டு. கசக்கும் துண்டைத் துப்பச் சொல்லிப் பழக்குங்கள்.

அவல் அவசரத்துக்கு. சிவப்பு அவலைத் தெளித்து ஊறவைத்து, மட்டிப்பழம், தேங்காய், பொடித்த கடலை போட்டுப் பிள்ளையையே பிசையச் சொல்லலாம். அடுப்பே வேண்டாம். முடியாத நாளில் பாட்டாவும் செய்து கொடுத்துவிடலாம், சாக்குச் சொல்ல இடமில்லை.

## பொட்டலமும் பேக்கரியும்

பொட்டலத்தை அடியோடு ஒதுக்கச் சொல்ல மாட்டேன். பேருந்தில் திருநெல்வேலி போகிற வழியில், காய்ச்சலில் பாட்டி படுத்திருக்கும் நாளில் அது உதவும். இன்னொரு நல்ல குணமும் உண்டு: கடலை, பால், கோதுமை சேர்ந்திருந்தால் உறையில் அச்சிட்டே ஆக வேண்டும். பக்கத்து வீட்டுக் கொழுக்கட்டையில் அப்படி எழுதியிருக்காது. ஒவ்வாமையுள்ள பிள்ளைக்கு இது சின்ன விஷயமல்ல.

ஆனால் உறையின் முன்பக்கத்தை நம்பாதீர்கள், பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானதற்கு வரிசையாக எழுத வேண்டும் என்பது சட்டம். ராகி பிஸ்கட் என்று பெரிதாகப் போட்டிருக்கும், பட்டியலில் மைதா, சீனி, பாமாயில் எல்லாம் போன பிறகு ராகி வரும். பாலில் கலக்கும் மால்ட் மாவுகளும் அப்படித்தான். 2024 ஏப்ரலில் ஒன்றிய அரசு, இணைய விற்பனைத் தளங்களில் இவற்றை 'ஆரோக்கிய பானம்' என்ற வகையில் வைக்கக் கூடாது என்று சொன்னது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. கொழுப்பு, உப்பு, சீனி மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளிக்கூட வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்ற 2020-ஆம் ஆண்டு விதியும் இருக்கிறது. உங்கள் பள்ளி வாசலில் நின்று பார்த்தால் அது எப்படி நடக்கிறது என்று தெரியும்.

ஏத்தங்காய் சிப்ஸ் நம் ஊர்ச் சரக்கு என்பதால் சலுகை கேட்கும். கையளவு கொடுக்கலாம், பையளவு வேண்டாம். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் சேரும் கேடான பொருளுக்குச் சட்டம் 25 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறது, ஆனால் அதைக் கண்ணால் அளக்க முடியாது. கண்முன்னே புது எண்ணெய் ஊற்றிப் பொரிக்கும் கடையாகப் பார்த்து வாங்குங்கள். கெட்டியான சில்லைக் கடைவாய்ப் பல் வராத பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

பொட்டலத்தின் உண்மையான மறைசெலவு வேறு. அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அவித்த பயறு அந்த வீட்டில் தோற்றுவிடும். வாங்கி வைப்பது பெரும்பாலும் பாட்டாதான், சாயாக்கடைக்குப் போன வழியில். இதை வீட்டிலேயே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

## ஒரே பார்வையில்

| பலகாரம் | சேர்க்கும் இனிப்பு | புரதம் | நேரம் | பிள்ளைக்கு வேலை | கவனிக்க |
|---|---|---|---|---|---|
| அவித்த ஏத்தம்பழம் | இல்லை | குறைவு | 15 நிமிடம் | பொடியில் புரட்டுவது | ஓண விலை |
| பயறு, கடலை | இல்லை | மிக நன்று | முந்தின இரவே ஊற வேண்டும் | முளைகட்டுவது, சிரட்டை நிரப்புவது | முழுக் கொண்டைக்கடலை, தொண்டை |
| இலைக் கொழுக்கட்டை | நம் கையில் | நடுத்தரம் | ஒன்றரை மணி | நிறைய | ஈர்க்கில், கருப்பட்டி அளவு |
| முந்திரிக்கொத்து | அதிகம் | நன்று | பாதி நாள் | உருட்டுவது | பாட்டாவின் சர்க்கரை |
| மரச்சீனி | இல்லை | மிகக் குறைவு | 40 நிமிடம் | இல்லை | அவித்த நீரைக் கொட்ட வேண்டும் |
| அவல் | தேவையில்லை | குறைவு, கடலை சேர்த்தால் தேறும் | 10 நிமிடம் | பிசைவது | ஊறாத அவல் |
| பொட்டலம் | பெரும்பாலும் அதிகம் | குறைவு | இல்லை | இல்லை | பின்பக்கப் பட்டியல் |

## யார் வீட்டுக்கு எது

1 முதல் 2 வயது வரை: அவித்து மசித்த ஏத்தம்பழம், மசித்த பயறு. கருப்பட்டி, சீனி எதுவும் வேண்டாம். இதில் யோசிக்கவே தேவையில்லை.

3 முதல் 5 வயது வரை, தனியாகப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு: வாரத்தில் மூன்று நாள் பயறு ஏதாவது ஒரு உருவத்தில், இரண்டு நாள் பழம் பொடியோடு. முடியாத நாளுக்கு அவல். சனிக்கிழமை மகள், மருமகள் யாராவது தேங்காய் திருவ இருந்தால் மட்டும் கொழுக்கட்டை.

பள்ளி வயதுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் சேரும் வீட்டுக்கு: கொழுக்கட்டை, சிரட்டைப் புட்டு. கூட்டமாக இருந்தால் வேலை பங்கிட்டுக் கொடுக்கலாம், யார் கூம்பு பெரிது என்ற சண்டையிலேயே தட்டு காலியாகும்.

சர்க்கரை நோயுள்ள பெரியவர் இருக்கும் வீட்டில் முந்திரிக்கொத்தை டப்பாவில் சேர்த்து வைக்காதீர்கள். செய்தால் அன்றைக்குத் தீருகிற அளவு செய்து, மிச்சத்தை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

விடுமுறைக்கு மட்டும் வளைகுடாவிலிருந்து வரும் பேரப்பிள்ளைகள் விஷயம் தனி. அவர்களுக்குப் பொட்டலம்தான் பழக்கம், முதல் நாளே அவித்த மரச்சீனியை நீட்டினால் முகம் சுளிப்பார்கள். அவர்கள் கொண்டுவந்த பிஸ்கட்டைப் பிடுங்க வேண்டாம். மூன்றாம் நாள் வாக்கில் ஏத்தம்பழ வில்லையும் மூன்று தட்டுப் பொடியும் எதிரே வைத்துவிட்டு நீங்கள் சும்மா உட்கார்ந்திருங்கள். விமானம் ஏறும்போது அம்மாக்காரி கருப்பட்டி கேட்பாள். கூடவே வறுத்த மாவு, பொடித்த எள், இரண்டு சிரட்டையும் கொடுத்து அனுப்புங்கள். தேங்காய் அங்கேயும் கிடைக்கும்.